அத்தியாயம் 7: கை வந்தது, கணக்கு வரவில்லை

திருப்போரூர் கந்தசாமி கோயில் குளத்துக்கு அருகில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் பெரியவர் அவர். வாதம் அடித்து, ஆஸ்பத்திரியில் 9 நாள் இருந்து, 3 மாதம் கை கால் பயிற்சி எடுத்து, ஒரு கிருத்திகையன்று காலையில் மறுபடி கடைக்கு வந்து உட்கார்ந்தார். நடை சரியாகிவிட்டது. வலது கை விரல்கள் தேங்காயைப் பிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டன. வந்தவர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

ஒரு அர்ச்சனைத் தட்டு 120 ரூபாய். ஒரு அம்மா 200 ரூபாய் நோட்டை நீட்டினார். அதே நேரத்தில் பக்கத்தில் நின்றவர், "நெய் விளக்கு எவ்வளவுங்க?" என்று கேட்டார். பெரியவரின் கை கல்லாப் பெட்டிக்குள் போய் அப்படியே நின்றது. மூன்று பத்து ரூபாய்த் தாள்களை எடுத்தார், எண்ணினார், வைத்தார். மறுபடி எடுத்தார். "எவ்ளோ குடுத்தீங்க?" என்று கேட்டார். நோட்டு அவருடைய இடது கையிலேயே இருந்தது. கூட்டம் பின்னால் நெருக்கியது. திடீரென்று, "போங்க, வேற கடையில வாங்கிக்கோங்க" என்று கத்திவிட்டார். 40 ஆண்டு வியாபாரத்தில் அவர் வாயிலிருந்து வராத சொல்.

"அப்பாவுக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு, மனசுதான் ஒட்டமாட்டேங்குது" என்றார் மகன். "பிடிவாதம் ஜாஸ்தியாயிடுச்சு" என்றார் மனைவி. இரண்டுமே தப்பு. கை கால் திரும்பி வந்த அளவுக்கு மூளையின் வேறு சில வேலைகள் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். அதைப் பற்றியது இந்த அத்தியாயம். (இதில் வரும் வீட்டுக் காட்சிகளை, யார் என்று தெரியாதபடி விவரங்களை மாற்றியும் ஒன்றோடொன்று கலந்தும் எழுதியிருக்கிறேன்.)

என்ன நடந்திருக்கிறது

பக்கவாதத்தில் பெரும்பாலானவை ரத்தக் குழாய் அடைப்பால் வருபவை. ரத்தக் கட்டி ஒன்று மூளைக்குப் போகும் குழாயை அடைக்கிறது. அதற்கு அப்பால் உள்ள பகுதிக்கு ரத்தம் போகவில்லை. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கை காலை ஆட்டும் பகுதி பாதிக்கப்பட்டால் அது எல்லோர் கண்ணிலும் படுகிறது. கவனிக்கவும், வரிசைப்படுத்தவும், நினைவில் வைக்கவும், பொறுமையாக இருக்கவும் உதவும் பகுதிகளோ அவற்றை இணைக்கும் நரம்பு இழைகளோ பாதிக்கப்பட்டால் வெளியே எதுவும் தெரியாது. வாய் கோணாது, கால் இழுக்காது. தாலமஸ் என்று மூளையின் நடுவில் ஒரு பகுதி உண்டு. அங்கே பட்டாணி அளவு இடம் போனால்கூட, கை கால் நன்றாக இருக்க, நேற்று நடந்தது இன்று நினைவில் இல்லாமல் போகலாம்.

பல ஆண்டு ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் இருந்தவர்களுக்கு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. மூளைக்குள் உள்ள மிகச் சிறிய குழாய்கள் ஏற்கெனவே கெட்டிப்பட்டிருக்கும். பெரிய அடைப்பு வரும்வரை சமாளித்துக்கொண்டிருந்த மூளை, அது வந்ததும் கையிருப்பு தீர்ந்த குடும்பம் மாதிரி தடுமாறுகிறது.

இது அரிதான தொல்லை அல்ல. பக்கவாதத்திலிருந்து பிழைத்தவர்களில் 60 சதவீதம் பேர் வரை முதல் ஆண்டுக்குள் சிந்தனையிலோ நினைவிலோ ஏதோ ஒரு குறையைச் சந்திக்கிறார்கள் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2023-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. முதல் இரண்டு வாரங்களில்தான் இது மிக அதிகம். லேசான குறை உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழுதாகத் தேறுகிறார். அந்தத் தேற்றம் பெரும்பாலும் முதல் 6 மாதத்துக்குள் நடக்கிறது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அந்த 6 மாதத்தை நம் வீடுகளில் காலுக்கும் கைக்கும் மட்டும் கொடுத்துவிடுகிறோம்.

முதியவர்களின் மறதி பற்றிய ஆராய்ச்சிக்கும் திருப்போரூருக்கும் பழைய உறவு உண்டு. சென்னையில் 1984-இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் 1989 முதல் திருப்போரூர் வட்டாரத்துக் கிராமங்களில் மனநலப் பணி செய்தது. அந்தக் குழுவினர் இந்த வட்டாரத்தில் 60 வயது தாண்டிய 750 பேரைப் பார்த்து ஆராய்ந்து, நூற்றுக்கு 3.5 பேருக்கு மறதி நோய் இருப்பதை 1997-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கிராமத்தில் கூட்டுக் குடும்பம், நல்ல காற்று, அங்கே இதெல்லாம் வராது என்று பலர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஏரிக்கரை ஊர்களிலும் உப்பள ஊர்களிலும் இந்த நோய் இருந்தது. 'வயசாயிடுச்சு' என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது.

மறதி என்ற ஒரே சொல் போதாது

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைப் பார்க்க வருகிற உறவினர் முதலில் கேட்பது, "நான் யாரு, சொல்லு பார்ப்போம்?" என்பதுதான். அவர் சரியாகச் சொல்லிவிடுவார். "புத்தி தெளிவா இருக்கு" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நெருங்கியவர் முகம் மறப்பது இந்த நோயில் கடைசியாக வருவது. பலருக்கு வருவதே இல்லை. முதலில் போவது வேகமும், கவனமும், வேலையை வரிசையாகச் செய்யும் திறனும். அதைக் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அடுப்படியில், கடையில், குளியலறை வாசலில் நின்று பார்க்க வேண்டும்.

தையூர் பக்கம் ஒரு வீட்டில் மாமியார் ரசம் வைப்பதை மருமகளோடு நின்று பார்த்தேன். புளி கரைத்தார். தக்காளியைக் கையால் பிசைந்து போட்டார். மிளகு சீரகம் பூண்டு தட்டினார். கை அத்தனையும் அறியும். பிறகு வாணலியை அடுப்பில் வைத்து எண்ணெய் ஊற்றி, கடுகு போட்டார். கடுகு வெடித்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். கறிவேப்பிலை பக்கத்திலேயே இருந்தது. கடுகு கருகியது. "அத்தை, கறிவேப்பிலை" என்று மருமகள் மெதுவாகச் சொன்னதும், தூக்கத்திலிருந்து எழுந்தவர் போல எடுத்துப் போட்டார். ரசம் இன்னும் அடுப்பு ஏறவே இல்லை, தாளிப்பு முந்திக்கொண்டுவிட்டது. அவரிடம் ரசம் வைப்பது எப்படி என்று கேட்டால் ஒரு படி விடாமல் சொல்வார். சொல்லத் தெரிகிறது, செய்யும்போது அடுத்தது எது என்பது கைநழுவிப் போகிறது.

இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தானாக எதையும் தொடங்காமல் உட்கார்ந்தே இருப்பது, சொன்னால் செய்வது, சொல்லாவிட்டால் மாலைவரை அப்படியே இருப்பது என்பதும் மூளையின் முன்பகுதியும் அதன் இணைப்புகளும் பட்ட அடிதான். முன்பு அளந்து பேசியவர் சட்டென்று சீறுவதும் அப்படியே. இன்னும் சிலருக்குக் காரணமில்லாமல் அழுகை பொங்கும், இழவு வீட்டில் சிரிப்பு வரும். ஒரு நிமிடத்தில் அடங்கும். அதுவும் நரம்புக் கோளாறுதான். டாக்டரிடம் சொன்னால் மருந்து உண்டு.

இலையின் இடது பக்கம்

மூளையின் வலது பக்கம் அடைப்பு வந்தவர்களிடம் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். வாழையிலை போட்டுச் சாப்பாடு வையுங்கள். உப்பு, ஊறுகாய், முதல் பொரியல் எல்லாம் இடது பக்கத்தில் இருக்கும். அவர் சோற்றின் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "பொரியல் வைக்கலையா?" என்று கேட்பார். இலையைத் திருப்பி வைத்தால், "இப்பத்தான் வெச்சியா?" என்பார். கண்ணில் கோளாறு இல்லை. உலகத்தின் இடது பாதி அவருடைய கவனத்துக்குள் வருவதில்லை. கதவு நிலையில் இடது தோள் இடிப்பது, இடது பக்கக் கன்னத்தில் மட்டும் சவரம் விட்டுப்போவது, கோலத்தில் இடது புள்ளிகள் சுற்றப்படாமல் நிற்பது எல்லாம் இதுதான். டாக்டர் ஒரு கடிகாரம் வரையச் சொல்லிப் பார்ப்பார். வீட்டு வாசலில் கோலம் போடுகிற பெண்மணிக்கு அந்தக் கோலமே பரிசோதனை.

இதில் கொடுமை, தமக்கு இப்படி ஒரு குறை இருப்பதே பலருக்குத் தெரியாது. "நல்லாத்தானே இருக்கேன்" என்பார்கள். பொய் சொல்லவில்லை. உணரும் பகுதிக்கும் அடி பட்டிருக்கிறது. வாதாடுவதில் பலனில்லை. அவருக்கு இடது பக்கமாக உட்கார்ந்து பேசுங்கள். முதலில் உங்களைக் கண்டுபிடிக்க அவருக்கு உதவி செய்து, மெல்லத் திரும்பப் பழக்குங்கள். மேசையின் இடது ஓரத்தில் பளிச்சென்ற சிவப்பு நாடா ஒட்டி, "சிவப்பு தெரியுற வரைக்கும் திரும்பிப் பாருங்க" என்று ஒவ்வொரு சாப்பாட்டிலும் சொல்லுங்கள். குளியலறையிலும் தெருவிலும்கூட நீங்கள் அவருடைய இடது பக்கம் நடங்கள். அங்கே அது பயிற்சி இல்லை, காவல்.

இடது பக்க மூளையில் அடைப்பு வந்தால் பெரும்பாலும் பேச்சு அடிபடும். பேச வராதவரைப் புத்தி போனவர் என்று ஊர் முடிவுகட்டிவிடுகிறது. எம்.ஜி.ஆரை நினைத்துக்கொள்ளுங்கள். 1984 அக்டோபரில் சென்னை மருத்துவமனையில் சேர்ந்தவர், பக்கவாதமும் சிறுநீரகக் கோளாறுமாக நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே படுக்கையில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் வென்றார். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து மறுபடி முதலமைச்சரானார். மேடையையே கட்டிப்போட்ட அந்தக் குரல் அதன்பின் தெளிவாக வரவே இல்லை. ஆனாலும் 1987 டிசம்பர் 24-ஆம் தேதி இறக்கும்வரை பதவியில் இருந்தார். அவருடைய உடல்நிலையின் நுணுக்கங்களை வெளியிலிருந்து எடைபோட நான் முயலவில்லை. பேச்சு குழறுகிறது என்பதை வைத்து ஒருவரின் சிந்தனையை அளக்க முடியாது என்பதற்காக மட்டும் சொல்கிறேன். பேச வராதவர் முன்னால் அவரைப் பற்றி மூன்றாம் ஆளைப் போலப் பேசாதீர்கள். ஆமாம்-இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வி கேளுங்கள், கேட்டபின் பத்து எண்ணும்வரை காத்திருங்கள், சொல்லை நீங்களே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

டாக்டரிடம் எதைச் சொல்வது, எப்போது

முதல் சில நாட்களில் நோயாளி ஊசிக் குழாயைப் பிடுங்குவார், இரவில் கத்துவார், இறந்துபோன அம்மாவைக் கூப்பிடுவார். இது பெரும்பாலும் தற்காலிகக் குழப்பம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் உப்புச் சத்து இறங்குவது, தூக்கமின்மை என்று காரணம் இருக்கும், சரிசெய்தால் தெளியும். அப்போது கண்ணாடியும் காது மெஷினும் போட்டுவிடுங்கள், வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருங்கள். நிரந்தரக் குறை எது என்பதை அந்த வாரத்தில் முடிவு செய்ய முடியாது.

வீட்டுக்கு வந்தபின் 3-ஆம் மாதம் ஒருமுறை, 6-ஆம் மாதமும் ஆண்டு முடிவிலும் ஒருமுறை, சிந்தனைத் திறனைத் தனியாகப் பார்க்கும்படி நீங்களே கேளுங்கள். கேட்காவிட்டால் நெரிசலில் ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை எழுதுவதோடு முடிந்துவிடும். மோக்கா என்கிற பத்து நிமிடப் பரிசோதனை தமிழிலும் இருக்கிறது. அதற்கு முன்னால் சொல்லவேண்டிய மூன்று விஷயங்கள்: எத்தனை வகுப்பு படித்தார், காது எப்படி, வாதம் வருவதற்கு முன்பே மறதி இருந்ததா. பள்ளிக்கூடம் போகாத ஒருவரிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லி, வரவில்லை என்று மதிப்பெண் குறைப்பது நியாயமில்லை. ஆங்கிலத் தேதியே பார்க்காதவரிடம் தேதி கேட்பதைவிட, அடுத்த கிருத்திகை எப்போது என்று கேட்டால் விடை தெரிந்துவிடும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'மறதி அதிகம்' என்று அதில் எழுதாதீர்கள். 'செவ்வாய் காலை இரண்டு தடவை பிரஷர் மாத்திரை போட்டார். வியாழன் பால் அடுப்பில் வைத்து மறந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வழி கேட்டார்' என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கேஸ் அடுப்பு, பணம், வழி, மாத்திரை, கழிப்பறை, தூக்கம் என்ற ஆறில் எது மாறினாலும் எழுதுங்கள். இந்த நோட்டு எந்த ஸ்கேனையும்விட டாக்டருக்கு உதவும்.

எல்லாக் குறையும் அடைப்பால் வந்ததாகவும் இருக்காது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, சர்க்கரை அடிக்கடி கீழே இறங்குவது, தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நிற்பது, தூக்க மாத்திரை, சில அலர்ஜி மாத்திரைகள் இவையெல்லாம் மூளையை மந்தமாக்கும், திருத்தக்கூடியவை. எல்லாவற்றிலும் முக்கியம் மனச்சோர்வு. வாதம் அடித்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. சாப்பாடு இறங்காமல், பேத்தி வந்தாலும் முகம் மலராமல், "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று சொல்லத் தொடங்கினால் மறதிக்கு முன்னால் அதற்கு வைத்தியம் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

இந்த வட்டாரத்திலிருந்து போக வேண்டிய இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கேளம்பாக்கத்தில் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. புதிதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியது கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறந்த 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை. 60 தாண்டியவருக்குப் பல நோய்கள் ஒன்றாக இருந்தால் அங்கே ஒரே இடத்தில் பார்க்கலாம்.

'நினைவாற்றல் மாத்திரை' என்று எழுதித் தருவதைப் பற்றி ஒரு வார்த்தை. அடைப்பால் செத்த நரம்பணுவை உயிர்ப்பிக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. சிட்டிகோலின் நம் ஊரில் நிறைய எழுதப்படுகிறது. 2012-இல் வெளிவந்த பெரிய ஐரோப்பிய ஆய்வில், பக்கவாதம் வந்த உடனே கொடுத்துப் பார்த்தபோது அது தேற்றத்தைக் கூட்டவில்லை. டோனபெசில் போன்றவை சிலருக்குச் சிறிது உதவலாம். டாக்டர் கொடுத்தால் எதற்கு, எவ்வளவு நாள், பலன் இல்லையென்றால் எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு டானிக் வாங்கும் பணமில்லாத குடும்பம், தங்கள் மனிதருக்கு ஏதோ குறைவைத்துவிட்டதாகக் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம்.

வீட்டில் செய்கிற வைத்தியம்

கை காலுக்கு எது விதியோ அதுவே மூளைக்கும் விதி. எந்த வேலை வேண்டுமோ அந்த வேலையைப் பழக்க வேண்டும். போனில் மூளைப் பயிற்சி விளையாட்டு ஆடினால் அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவார், கடைக்கணக்கு வராது. பல்லாங்குழியும் தாயமும் நல்லவை. எண்ணவும், முறைக்குக் காத்திருக்கவும், பேரப் பிள்ளைகளோடு சிரிக்கவும் வைக்கின்றன. அதற்காக ஆடட்டும். ரசம் வரவேண்டுமென்றால் ரசம்தான் வைக்க வேண்டும்.

தையூர் வீட்டில் செய்தது இது. மருமகள் மிகச் சின்ன மாற்றம் ஒன்றைத்தான் செய்தார். காலையில் ஐந்து கிண்ணங்களை வரிசையாக அடுக்கினார்: புளிக்கரைசல், தக்காளி, தட்டிய மிளகு சீரகம் பூண்டு, பருப்புத் தண்ணீர், கடைசியில் தாளிப்புச் சாமான். காலியான கிண்ணம் உடனே தொட்டிக்குப் போகவேண்டும். ஆக எது மீதி நிற்கிறதோ அதுதான் அடுத்தது. நினைவு செய்ய வேண்டிய வேலையைக் கிண்ணங்கள் எடுத்துக்கொண்டன. ரேடியோவை நிறுத்தினார், அடுப்படியில் இருக்கும்போது யாரும் மாமியாரிடம் பேசக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார். இரண்டு வாரத்தில் கடுகு கருகுவது நின்றது. ஆறாவது வாரம் மாமியார் தாமே கிண்ணங்களை அடுக்கினார். இன்றும் கிண்ணம் இல்லாமல் வைக்க வராது. அதனால் என்ன? ரசம் அவருடைய ரசம்.

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுக்கும்போது, தப்பாகச் சொல்லவிட்டுத் திருத்துகிற பள்ளிக்கூட முறை வேண்டாம். அடிபட்ட மூளை தப்பையே பிடித்துக்கொள்ளும். "மாத்திரை எங்கே இருக்கு? சாமி அலமாரிக்குக் கீழே, நீல டப்பா" என்று கேள்வியையும் பதிலையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒரு நிமிடம் கழித்துக் கேளுங்கள். வந்தால் இரண்டு நிமிடம், நான்கு, எட்டு, பிறகு கால் மணி நேரம் என்று இடைவெளியை நீட்டுங்கள். வரவில்லையென்றால் யோசிக்கவிடாமல் பதிலைச் சொல்லிவிட்டு, முந்தைய இடைவெளிக்குத் திரும்புங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம். டப்பாவை இடம் மாற்றினீர்களோ, அத்தனையும் வீண்.

பழைய தொழிலின் பழக்கம் மூளையில் வேறு இடத்தில் இருக்கிறது. அது எளிதில் போவதில்லை. மாமல்லபுரத்துப் பட்டறைகளில் முப்பது நாற்பது ஆண்டு உளி பிடித்தவருக்கு, விரலில் வலு இருந்தால், மெருகு போடும் கை தானாக ஓடும். தடுமாறுவது அளவு பிடிப்பதிலும், எந்தப் பக்கம் முதலில், எங்கே நிறுத்துவது என்பதிலும். அளவு கோடு போட்டுக் கொடுக்க ஒரு ஆள் இருந்தால் அவர் பட்டறையில் இன்னும் ஒரு தொழிலாளிதான். வலை பின்னுபவர், பூ தொடுப்பவர், தையல்காரர் எல்லோருக்கும் இது பொருந்தும். வேலையைப் பிடுங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார வைப்பதை அன்பு என்று நினைக்கிறோம். அது அவரிடம் மிச்சம் இருப்பதையும் எடுத்துக்கொள்கிறது.

களைப்பையும் மதியுங்கள். காலை பத்து மணிக்குத் தெளிவாகக் கணக்குப் பார்த்தவர் மாலை நான்கு மணிக்கு எதுவும் புரியாமல் நிற்பார். முக்கியமான பேச்சு, குளியல், வங்கி எல்லாவற்றையும் காலையில் வையுங்கள். விடியலில் குளத்தைச் சுற்றி நடப்பது மூளைக்கும் நல்லது. தனியாக வேண்டாம், படி வழுக்கும். வழி தவறுகிறவர் என்றால் சட்டைப் பையில் ஒரு அட்டை, அதில் வீட்டார் போன் எண். மாசி பிரம்மோற்சவக் கூட்டத்தில் கை விட்டுப்போனால் அந்த அட்டைதான் அவரை வீட்டுக்குக் கொண்டுவரும்.

பத்திரம், பணம், வண்டி

பழைய மகாபலிபுரம் சாலை அகலமானபின் இந்தப் பக்கத்தில் ஒரு சென்ட் நிலமும் பொன் விலை. சிந்தனை தடுமாறுகிற ஒருவர் பெயரில் பட்டா இருந்தால், அவருக்குத் திடீரென்று உறவினர்கள் முளைப்பார்கள். "இங்க ஒரு கையெழுத்து, மாமா" என்பார்கள். அவரும் போடுவார், மறுப்பதற்கு வேண்டிய யோசனைதான் முதலில் போயிருக்கிறதே.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று புரிந்து, அதன் நன்மை தீமையை எடைபோட முடிகிறவர் செய்ததுதான் செல்லும். தெளிவும் குழப்பமும் மாறி மாறி வருகிறவர் தெளிவான வேளையில் செய்தது செல்லும். பவர் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிக்கொடுத்தவர் பிற்பாடு மனத்திறன் இழந்தால் அந்தப் பவரும் செல்லாமல் போகும். ஆகவே விற்பனையோ செட்டில்மெண்டோ உயிலோ அவசியமென்றால், அவருடைய மனத்திறன் பற்றி நரம்பியல் அல்லது மனநல மருத்துவரின் சான்றைத் தேதியோடு வாங்கிவிட்டு, பிள்ளைகள் எல்லோரும் அறியச் செய்யுங்கள். செங்கல்பட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தகுதியுள்ளவர்களுக்கு இலவச ஆலோசனை கிடைக்கும். பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டவர்கள் விஷயத்தில், அந்த நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு உதவும். 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் முதலில் கேட்டுக்கொள்ளலாம்.

டூவீலர் சாவியை வாங்கிவைப்பது கையெழுத்தைவிடக் கடினமான காரியம். டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஓட்டக்கூடாது; இடது பக்கம் கவனத்துக்கு வராதவர் ஓட்டவே கூடாது. இதை மகன் சொல்லாமல் டாக்டர் வாயால் சொல்ல வையுங்கள். வீட்டில் சண்டை மிச்சம்.

அடுத்த அடைப்பு வராமல்

முதல் பக்கவாதத்துக்குப் பின் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் புதிதாக மறதி நோய் வருகிறது. மறுபடி மறுபடி வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல். 2009-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைச் சேர்த்துச் சொன்ன கணக்கு இது. இந்தப் புத்தகத்தில் மூளைக்கு நான் சொல்லும் மருந்துகளில் பெரியது, பிரஷர் மாத்திரையை விடாமல் போடுவதுதான். பெரும்பாலோருக்கு 130/80-க்குக் கீழே இருக்கவேண்டும். உங்கள் வீட்டு நோயாளிக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ரத்தக் கட்டி தடுக்கும் மாத்திரை, கொழுப்பு மாத்திரை, சர்க்கரை மருந்து எதையும் 'நல்லாயிட்டார்' என்று நீங்களாக நிறுத்தக்கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், இயன்முறைப் பயிற்சியும் உண்டு. ஊர் சுகாதாரத் தன்னார்வலரிடம் பெயரைப் பதியுங்கள்.

கோவளம், நெம்மேலி, தேவனேரி என்று கரையோர வீடுகளில், உப்பைக் குறைக்கக் கருவாட்டை விடச்சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. நல்ல மீன் கிடைக்கிற நாளில் கருவாடு வேண்டாம், கருவாடு வைத்தால் அன்றைக்கு ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம் என்றாவது வைத்துக்கொள்ளுங்கள். பீடியும் புகையிலையும் மட்டும் முழுதாகப் போகவேண்டும்.

மெல்ல மெல்லத் தேறிக்கொண்டிருந்தவர் ஒரே நாளில் குழம்பினால், பேச்சு மாறினால், முகம் ஒரு பக்கம் இறங்கினால், கை தூக்க வராவிட்டால், அது மறதி கூடியதல்ல. அடுத்த அடைப்பாக இருக்கலாம். 108-ஐக் கூப்பிடுங்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துச் சொல்லுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. புறா ரத்தம் தேய்க்கவும் எண்ணெய் காய்ச்சவும் அந்த நேரத்தைக் கொடுத்துவிட்டு வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அன்பில் குறையில்லை. யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

மறுபடி அந்தக் கடை

பெரியவரை வீட்டில் உட்கார வைத்துவிடலாம் என்றுதான் குடும்பம் முதலில் நினைத்தது. பிறகு மகன் கடையை மாற்றினார். கடையில் இப்போது ஒரே தட்டு, ஒரே விலை, 120. ஒரு பிஸ்கட் டின்னில் 80 ரூபாய் மீதியை ரப்பர் போட்டு மடித்து, இருபது கட்டுகளாகக் காலையிலேயே வைத்துவிடுகிறார். 200 ரூபாய் நோட்டு வந்தால் ஒரு கட்டு வெளியே போகும். 500 ரூபாய்க்குப் பக்கத்துப் பூக்கடைக்காரம்மா. போனில் கட்டுகிறவர்களுக்கு அந்தச் சின்ன ஸ்பீக்கர் பெட்டி தொகையை உரக்கச் சொல்லிவிடுகிறது. அவர் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுத் தட்டை நீட்டுகிறார். யாராவது நடுவில் ஏதாவது கேட்டால், "இருங்க, ஒண்ணொண்ணா" என்று கையைக் காட்டுகிறார். அந்தச் சொல்லை மகள் பதினைந்து நாள் சொல்லிச் சொல்லிப் பழக்கினாள். கிருத்திகையன்றும் செவ்வாய்க்கிழமையும் மகன் கல்லாவில். மற்ற நாட்களில் காலை ஆறரை முதல் பத்தரை வரை கடை அவருடையது.